பூஜ்ய வார்டு

நோட்டீஸைப் படித்து முடித்ததும் மேஸ்திரி குமார் செல்லக்கண்ணுவிடமிருந்து ஓர் அடி தள்ளி நின்றுகொண்டான். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது.

செல்லக்கண்ணுவுக்கு நாற்பத்தோரு வயது. மாதேஸ்வரன் மலைப் பக்கத்து ராமாபுரத்தில் பிறந்து, கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள். புருஷன் ஜடையன் கட்டடங்களுக்கு சென்ட்ரிங் அடிக்கப் போவான். அவள் சரஸ்வதிபுரத்தில் நான்கு குறுக்குத் தெருக்களைப் பெருக்குகிறாள். பதினோரு வருஷமாக ஒப்பந்தத்தில்தான் இருக்கிறாள். நிரந்தரம் செய்யப்படுகிறவர்களின் பட்டியல் அந்த மாதக் கடைசியில் வரப்போகிறது, அதில் அவள் பெயரும் இருக்கிறது என்று முந்தின வாரம் இதே குமார்தான் டீக்கடையில் வைத்துச் சொல்லியிருந்தான்.

இப்போது அவன் சொன்னது வேறு. நான்காம் தேதியிலிருந்து ஒன்பதாம் தேதி வரை ஆறு நாட்கள், பணி நேரத்தில், மேலதிகாரியின் அனுமதி இல்லாமல் அவள் நாட்டை விட்டு வெளியேறி, ஆப்பிரிக்காவை ஒட்டிய கடலின் நடுவே இருந்திருக்கிறாள். ஏன் பணிநீக்கம் செய்யக்கூடாது என்பதற்கு நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்.

அவள் அந்த ஆறு நாளும் தெருவில்தான் இருந்தாள். அது குமாருக்கும் தெரியும். தினமும் காலையில் வந்து அவளைப் பார்த்தவன் அவன்தான். அதைச் சொன்னபோது அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தான் எதையும் பார்க்கவில்லை என்று கன்னடத்தில் மெல்லச் சொன்னான்.

மாநகரத் தூய்மைச் சான்றாய்வு வாரியம் தொடங்கி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. தெருக்கள் உண்மையிலேயே பெருக்கப்படுகின்றனவா என்று கண்காணிப்பது அதன் வேலை. பெருக்குவதற்கு முன்னால் ஒரு படம், பெருக்கிய பின்னால் ஒரு படம் என்று ஒவ்வொரு தொழிலாளியும் தன் போனில் எடுத்து அனுப்ப வேண்டும். ஆரம்பத்தில் வாரியத்தின் அதிகாரிகள் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதத்தில் அவர்களுக்கு எல்லாத் தெருவும் ஒரே தெருவாகத் தெரிய ஆரம்பித்தது. ஓர் அதிகாரி தன் வீட்டுத் தெருவையே அடையாளம் தெரியாமல் நிராகரித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் ஒரு நட்சத்திர ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. ஒவ்வொரு டிஜிட்டல் படத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் சில தகவல்கள் எழுதப்பட்டிருக்கும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். எந்த நாள், எத்தனை மணி, பூமியில் எந்த இடம், எவ்வளவு உயரம், என்ன போன், ஃபிளாஷ் எரிந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். அதிகாரிகள் மெய்சிலிர்த்துப் போனார்கள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஒரு சுற்றறிக்கை போட்டார்கள். இனிமேல் தகவல்களை மட்டுமே பரிசீலிக்க வேண்டும். படத்தைத் திறந்து பார்ப்பது பரிசீலிப்பவரின் மனதைப் பாதிக்கக்கூடும் என்பதால் அது தடை செய்யப்படுகிறது. அதற்குப் பிறகு வாரியத்தில் யாரும் ஒரு தெருவையும் பார்த்ததில்லை.

செல்லக்கண்ணுவின் போன் யாரோ வைத்திருந்து விற்றது. மூன்றாம் தேதி அது தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. அரிசிக்குள் புதைத்து வைத்து எடுத்ததும் உயிர் வந்துவிட்டது. படம் எடுத்தது. அனுப்பினால் போனது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

விசாரணைக்குப் போகிற நாளன்று வாரிய வாசலில் காவலாளி பதிவேட்டை நீட்டி, எங்கிருந்து வருகிறாய் என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டான். என்ன சொன்னால் குற்றமாகும் என்று தெரியாமல் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

உள்ளே நீண்ட மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். நடு நாற்காலியில் தலைவர் நஞ்சுண்டசாமி. அவர் பேசவில்லை. பக்கத்தில் துணை இயக்குநர் கணபதிராமன். அவருடைய தாத்தா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்து தங்கிவிட்டவர். அவர் தமிழில் பேசியதும் செல்லக்கண்ணுவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"பாரும்மா, நீயும் தமிழ், நானும் தமிழ். அதனாலயே உனக்கு நான் ஒரு சலுகையும் காட்ட முடியாது" என்றார் அவர்.

வந்த தைரியம் போய்விட்டது.

"நானு கடலே பாத்ததில்லீங்க சாமி. அந்தப் பக்கம் போனா மாதேஸ்வரன் மலை, இந்தப் பக்கம் வந்தா ஸ்ரீரங்கப்பட்டணம். அதுக்கு மேல ஒரு ஊரும் தெரியாதுங்க."

அது அவள் சொல்வது, படத்துக்குள் இருக்கும் தகவல் வேறு சொல்கிறது என்று கணபதிராமன் விளக்கினார். அட்சரேகை பூஜ்யம், தீர்க்கரேகை பூஜ்யம். உயரமும் பூஜ்யம். மைசூர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் எழுநூற்று எழுபது மீட்டரில் இருக்கிறது. அத்தனை மீட்டரும் அவள் யாருடைய அனுமதியின் பேரில் இறங்கினாள் என்று கேட்டார்.

செல்லக்கண்ணுவுக்கு ஒன்று தோன்றியது. படத்தில் அவளுடைய தெரு முனைப் பால்பூத் நன்றாகவே விழுந்திருக்கும். அதைக் கொஞ்சம் பார்த்தால் போதுமே என்றாள்.

தலைவர் கோப்பின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார்.

"படத்தையா?" என்றார் கணபதிராமன். "படத்துல என்ன வேணா இருக்கும்மா. பால்பூத் இருக்கும், அரண்மனைகூட இருக்கும். மனுஷன் கண்ணு ஏமாந்து போற கண்ணு. அதனாலதான் நாங்க அதை உபயோகிக்கறதையே நிறுத்திட்டோம். மூணு வருஷமா இந்த வாரியத்துல ஒருத்தரும் எதையும் பாத்தது கிடையாது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் ஜனங்க எங்களை நம்பறா."

கடலில் இல்லை என்பதற்கு அவள் ஒரு வாரத்துக்குள் ஏதாவது ஓர் அரசு அலுவலகத்திலிருந்து சான்று கொண்டுவர வேண்டும் என்று முடிவாயிற்று.

ஜடையன் வேலைக்குப் போகாமல் அவளோடு அலைந்தான். பாஸ்போர்ட் இல்லை என்பதற்குச் சான்று வேண்டுமென்றால் முதலில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள் ஒரு கவுண்டரில். இன்னொரு கவுண்டரில், கடலுக்குப் போனவர்களின் பதிவு மட்டும்தான் இருக்கிறது, போகாதவர்களுக்குப் பதிவேடு கிடையாது என்றார்கள். மூன்றாவது இடத்தில் இருந்தவர் நோட்டீஸை இரண்டு முறை படித்துவிட்டு, படகிலா விமானத்திலா என்று விசாரித்தார். அந்த நாட்களில் தெருவில் யாராவது காக்கிச் சட்டையில் வந்தால் செல்லக்கண்ணு சுவரோரம் ஒதுங்கி நின்றாள். பஸ் கண்டக்டர் டிக்கெட் கேட்டபோதுகூட எழுந்து நின்றுவிட்டாள்.

ஒரு சாயங்காலம் ஜடையன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"நெசத்தைச் சொல்லு. யாரு கூடப் போன?"

அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கவர்மெண்டு சீல் வைத்துக் கொடுத்திருக்கிறது, ஒன்றுமில்லாமலா கொடுப்பார்கள் என்றான் அவன். பதினேழு வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியவன், ஒரே வாரத்தில் பாதி நம்பிவிட்டிருந்தான். அன்றைக்கு அவளே ஒரு கணம், ஒருவேளை தனக்குத் தெரியாமல் எங்காவது போய் வந்திருப்போமோ என்று யோசித்துப் பார்த்துப் பயந்துபோனாள்.

இரண்டாவது விசாரணையில் சான்று எதுவும் இல்லாமல் நின்றாள். வாரியம் அதற்குள் படங்களின் தேதியையும் ஆராய்ந்திருந்தது. தேதி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று. நேரம், காலை ஐந்தரை மணி. ஆதார் அட்டையின்படி அவள் பிறந்தது எண்பத்து நான்கில்.

"பிறக்கறதுக்குப் பதினாலு வருஷம் முன்னாடியே நீ டியூட்டியில இருந்திருக்கே" என்றார் கணபதிராமன். "இதுக்கு ரெண்டே அர்த்தம்தான். ஒண்ணு, நீ வயசை மறைச்சு வேலையில சேந்திருக்கே. இல்லேன்னா நீ செல்லக்கண்ணுவே இல்லே, வேற யாரோ. முதலாவதா இருந்தா உனக்கு எப்பவோ ரிடயர்மென்ட் வயசு தாண்டியாச்சு. ரெண்டாவதா இருந்தா போலீஸ் கேஸ். எது சௌகரியமோ யோசிச்சுச் சொல்லு."

அவள் ஆதார் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கணபதிராமன் அதைத் தொடவில்லை.

"ஆனா வாரியம் நியாயமா நடந்துக்கும். நீ ஆறு நாளும் கரெக்டா அஞ்சரைக்கு வந்திருக்கே. ஒரு நிமிஷம் முன்னப்பின்ன கிடையாது. நேரம் தவறாமைக்காக உன்னைப் பாராட்டி இதே லெட்டர்ல ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கு, பாரு."

பாராட்டு இருந்த பக்கத்தை அவர் திருப்பிக் காட்டும்போது செல்லக்கண்ணு மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் கொண்டுவந்தவள் மனிஷா. கம்ப்யூட்டர் அறையில் தகவல்களைப் பட்டியல் போடுகிறவள், இரண்டு பிள்ளைகளின் தாய், அவளும் ஒப்பந்தத்தில் இருப்பவள்தான். செல்லக்கண்ணுவைக் கைத்தாங்கலாகத் தன் அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தாள். மனிஷாவின் தமிழில் பாதி கன்னடம் கலந்திருந்தது.

அவள் பால்பூத் இருந்த படத்தைத் திறந்து விரலால் மேலே தள்ளினாள். படம் நகர்ந்து, அடியிலிருந்து எழுத்துகளும் ஒரு சின்ன வரைபடமும் வந்தன. வரைபடம் முழுக்க நீலம். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அதுதான் தான் என்று தெரிந்ததும் செல்லக்கண்ணு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இது நோடி, இதைப் பாருங்க அக்கா, பயப்படாதீங்க. நாம எங்க இருக்கோம்னு போனுக்குத் தெரியலைன்னா அந்த இடத்தைச் சும்மா விட்டிருக்கணும். உங்க போன் சும்மா விடல, பூஜ்யம் எழுதுது. ரெண்டு பூஜ்யமும் சேர்ற இடம் அந்தக் கடல். தேதியும் அதே மாதிரிதான். கம்ப்யூட்டருங்க நாளை எண்ண ஆரம்பிச்சது எழுபது ஜனவரி ஒண்ணுலேர்ந்து. நம்ம ஊர் மணிக்குக் காலைல அஞ்சரை. தெரியாதுங்கறதைத்தான் அது இப்படிச் சொல்லுது."

இதை அவர்களிடம் சொல்லக்கூடாதா என்று கேட்டாள் செல்லக்கண்ணு. மனிஷா தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தைக் காட்டினாள். இதே விளக்கத்தை எழுதி மூன்று முறை மேலே அனுப்பியிருக்கிறாள். மூன்றாவது முறை, தகவல்களின் மேல் அவநம்பிக்கையைப் பரப்புவதாக அவளுக்கே நோட்டீஸ் வந்துவிட்டது.

பேசிக்கொண்டே அவள் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டு போனாள். வாளியில் விழுவதற்கு முன்னால் எடுத்த ஒரு படத்தில் நின்றாள். மாதேஸ்வரன் மலையில், கோயில் கோபுரம் தெரிய, ஜடையனும் செல்லக்கண்ணுவும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். விரலால் மேலே தள்ளினாள். தேதியை வாசித்துக் காட்டினாள். பதினொன்று இருபது என்று நேரம் வந்தது. வரைபடம் பச்சையாக இருந்தது. மலையின் பெயர் எழுதியிருந்தது.

"இது எல்லாமே சரியா இருக்குது அக்கா" என்றாள் மனிஷா.

செல்லக்கண்ணு கையால் அந்தத் திரையை மறைத்தாள். அந்தத் தேதியில்தான் அவள் காய்ச்சல் என்று சொல்லி லீவு வாங்கியிருந்தாள். இத்தனை நாளும் போன் பொய் சொல்கிறது என்று பயந்துகொண்டிருந்தாள். அது உண்மையும் சொல்லும் என்பது அவளுக்குத் தெரியாது. தான் போன இடமெல்லாம், நின்ற இடமெல்லாம் இதற்குள் எழுதிவைத்திருக்கிறதா என்று கேட்டாள். மனிஷா தலையாட்டினாள். இடம் எழுதுவதை நிறுத்தி வைக்கலாம், ஆனால் வாரியத்தில் அது தனிக் குற்றம் என்றாள். பிறகு கதவை ஒரு முறை பார்த்துவிட்டு அந்த மலைப் படத்தை அழித்துவிட்டாள். அழித்தவை ஓர் இடத்தில் சேர்ந்து கிடக்கும் என்று சொல்லி, அங்கே போய் அதிலிருந்தும் எடுத்தாள்.

போலீசுக்கு எழுதுவதற்கு முன்னால் வாரியம் அந்தப் புள்ளியில் இருந்தவர்களின் முழுப் பட்டியலையும் ஒருமுறை கேட்டது. மனிஷா எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கடலில், அதே புள்ளியில், எழுபது ஜனவரி ஒன்று காலை ஐந்தரைக்கு, மைசூரின் தூய்மைத் தொழிலாளர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஈரத்தில் விழுந்த போன்கள், பேட்டரி மாற்றிய போன்கள், கைமாறி வந்த போன்கள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தன.

எல்லோரையும் கூப்பிட்டு ஒரு மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். கைது செய்யத்தான் கூட்டியிருக்கிறார்கள் என்ற பேச்சு வரிசை வரிசையாகப் பரவியது. வாசலில் நின்ற இரண்டு போலீஸ்காரர்கள் வேறு ஏதோ பந்தோபஸ்துக்கு வந்தவர்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை. ஜடையன் வெளியே, மரத்தடியில், ஒரு பையில் அவளுடைய மாற்றுப் புடவையோடு நின்றான். உள்ளே போட்டால் தேவைப்படும் என்று எடுத்து வந்திருந்தான்.

அன்றைக்குத்தான் தலைவர் நஞ்சுண்டசாமி வாயைத் திறந்தார். கன்னடத்தில், நிதானமாகப் பேசினார். வாரியத்தின் தகவல்கள் தவறு என்று யாரோ சொல்வதாகக் கேள்விப்பட்டேன் என்று ஆரம்பித்தார். தகவல் தவறு என்றால் மூன்று வருஷமாக அதன்படி கொடுத்த சான்றுகள், விருதுகள், தம்முடைய பதவி உயர்வு எல்லாமே தவறு என்றாகும். அப்படி ஆக முடியாது என்பதால் தகவல் சரி என்றார். ஒரே ஒருத்தி கடலில் நின்றால் அது குற்றம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒழுங்காக நின்றால் அது வார்டு.

அந்த நிமிஷம் முதல் அது வாரியத்தின் புதிய வார்டு. பெயர், பூஜ்ய வார்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் அங்கே மாற்றப்படுகிறார்கள். எழுபது ஜனவரி ஒன்று என்பது வார்டு தொடங்கிய தேதியாகத் திருத்தி வாசிக்கப்படும், வயதைப் பற்றி இனி கேள்வி இல்லை. நிரந்தரப் பட்டியலில் பெயர் இருக்கிறவர்களுக்கு அது அப்படியே நிற்கும்.

கணபதிராமன் எழுந்து தமிழில் நிபந்தனையைச் சொன்னார். "இனிமே உங்களுக்கு டியூட்டி அங்கதான். வேலை நேரத்துல இந்த மைசூர்ல யாராவது உங்களைப் பாத்தா, அது ஆப்சென்ட். படம் எதுலயாவது மைசூர்னு வந்தா, அன்னிக்கே வேலை காலி. புரிஞ்சுதா?"

யாருக்கும் புரியவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

செல்லக்கண்ணு நிரந்தரமானாள். ஜடையன் லட்டு வாங்கி வந்தான். கடலைப் பற்றி அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. தினமும் காலை ஐந்தரைக்கு அவள் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டு, சுவரைப் பார்த்து இரண்டு படம் எடுத்து அனுப்பிவிட்டு, பகல் ஒரு மணி வரை மூச்சுச் சத்தம் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள். வாசலில் கீரைக்காரி கூப்பிட்டாலும் பதில் கொடுப்பதில்லை. பூஜ்ய வார்டிலிருந்து மூன்று மாதமாக ஒரு புகாரும் வரவில்லை. குப்பை இல்லை, கொசு இல்லை. நகரத்திலேயே சுத்தமான வார்டு என்று வாரியம் அதற்குக் கேடயம் கொடுத்து, அதைத் தன் அலமாரியிலேயே வைத்துக்கொண்டது.

சரஸ்வதிபுரத்துத் தெருக்களுக்கு வேறு ஆள் போடவில்லை. ஏற்கனவே ஆள் பற்றாக்குறை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கடலில் இருந்தார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் விடிகாலையில் அவள் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. ஜடையனுக்கு நிஜமாகவே காய்ச்சல். மருந்துக் கடை எங்காவது திறந்திருக்கிறதா என்று தேடிப் போனாள். அவளுடைய மூன்றாவது தெருவில் இலையும் பிளாஸ்டிக்கும் சாக்கடை வாயை அடைத்து, தண்ணீர் ரோட்டுக்கு ஏறியிருந்தது. ஸ்கூட்டரில் வந்த ஒருத்தர் சறுக்கி விழுந்து, எழுந்து, முழங்கையைப் பார்த்துக்கொண்டு போனார். அவள் தாண்டிப் போய்விட்டாள். பத்தடி போனதும் நின்றாள். அந்தச் சாக்கடை வாய் எங்கே அடைக்கும், எந்தப் பக்கத்திலிருந்து இழுத்தால் விடும் என்பது ஊரில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்து வீட்டு மதிலோரம் யாரோ சாய்த்து வைத்திருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, முக்காடு போட்டு, குனிந்து வேலை செய்ய ஆரம்பித்தாள். தண்ணீர் இறங்கிய சத்தத்தில் பின்னால் கேட் திறந்தது கேட்கவில்லை.

கேட்டைத் திறந்து வந்தவர் மீனாக்ஷி. பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்துவிட்டு, சந்தோஷத்தில் போனை உயர்த்தி ஒரு படம் எடுத்துவிட்டார்.

செல்லக்கண்ணு திரும்பினாள். துடைப்பத்தைக் கீழே போட்டாள். படத்தை அழித்துவிடச் சொல்லிக் கும்பிட்டாள். மீனாக்ஷிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தெரு குரூப்பில் போடத்தான் எடுத்தேன், நல்லதாகத்தானே எழுதப்போகிறேன் என்றார். செல்லக்கண்ணு போனைக் கையில் வாங்கிக்கொண்டு, மனிஷா செய்தது போல விரலால் படத்தை மேலே தள்ளினாள்.

வரைபடத்தில் நீலம் இல்லை. தெருக்கள் கோடு கோடாக இருந்தன. எழுத்து வாசிக்க வராததால் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். மீனாக்ஷி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். சரஸ்வதிபுரம், மைசூரு. இன்றைய தேதி. காலை ஆறு நாற்பது.

செல்லக்கண்ணு கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குப்பைத்தொட்டி மாதிரி இருந்த குறியைத் தேடி அவளே அழுத்தினாள். அழித்தவை சேர்ந்து கிடக்கும் இடத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள் என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சரிம்மா, எடுத்துடறேன். படம் வேண்டாம்னா பேரையாவது சொல்லு. இத்தனை வருஷமா உன்னைப் பாக்கறேன், பேர் கேட்டதே இல்லை. பேரைப் போட்டுத் தேங்க்ஸ்னு எழுதறேன். வழக்கமா பெருக்கற அம்மா நீதானே?"

செல்லக்கண்ணு கீழே கிடந்த துடைப்பத்தை எடுத்து மதிலோரம் சாய்த்து வைத்தாள். முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நானில்லீங்கம்மா" என்றாள். "அந்தச் செல்லக்கண்ணு வேற. அவ டியூட்டிக்குப் போயிருக்கறா."

சொல்லிவிட்டு வீடுகளுக்குப் பின்னால் போகும் சந்தில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தாள்.